வலி நின்றது; நோய் நின்றதா?

சென்ற இதழில் இப்பகுதியில் மழைக்காலக் காய்ச்சலைப் பற்றி எழுதியிருந்தேன். இம்முறை பல்லைப் பற்றி எழுதத் துணிகின்றேன். யான் வைத்தியன் அல்லேன். பத்தாம் வகுப்பு தேறி, ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து காகிதங்களோடு காலம் கழிப்பவன். ஆயினும், சென்ற தீபாவளி அமாவாசை தொடங்கி இரண்டு மாத காலம் என் தாய்மாமனுடன் பல் ஆஸ்பத்திரிக்கு நடந்த நடையில் கண்டும் கேட்டும் அறிந்தவை, வெளியூரில் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்று தோன்றிற்று. அங்குள்ள டாக்டர்களை யான் கேட்ட கேள்விகளுக்குக் கணக்கில்லை; அவர்களும் சலிக்காமல் விடை கூறினர்.

மாதேஸ்வரன் மலைக்குத் தீபாவளி அமாவாசையன்று செல்வது எங்கள் குடும்ப வழக்கம். மைசூரிலிருந்து நாங்கள் கொள்ளேகால், ஹனூர் வழியாக ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர் பயணம் செய்து மேலே ஏறுவோம். மேட்டூர்ப் பக்கத்து உறவினர் கொளத்தூர், பாலாறு வழியாக வந்து சேருவர். 1956-இல் மாநிலங்கள் பிரிக்கப்படும் வரையில் கொள்ளேகால் தாலுகா கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. இன்று அது சாமராஜநகர் மாவட்டத்துள் அடங்கும். எல்லைக்கோடு மாறினாலும் அமாவாசைக் கூட்டத்தில் தமிழும் கன்னடமும் இன்றும் சரிபாதியாய்க் கலந்தே ஒலிக்கின்றன.

அவ்வாண்டு மாமா வந்தது ஒரு நேர்த்திக்கடனுக்காக. அதற்கு முந்தைய மாதம் கீழ்த்தாடை இடப்பக்கத்துக் கடைவாய்ப்பல் ஒன்று ஏழு நாள் அவரைத் தூங்கவிடாமல் வாட்டியதாம். வலி நின்றால் முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டாராம். எட்டாம் நாள் வலி தானே நின்றுவிட்டது. சொன்ன சொல் தவறாமல் மலையேறி முடி இறக்கினார். நண்பகல் சாப்பாட்டுப் பந்தியில் அவர் ஒரு கவளமும் உண்ணாததை அத்தைதான் முதலில் கவனித்தார்கள். இடது கன்னம் சற்றே வீங்கியிருந்தது. மாலைக்குள் வீக்கம் தாடையின் கீழே இறங்கிற்று, காய்ச்சலும் கண்டது. இரவு எட்டு மணிக்கு, அவர் வாயைத் திறக்க முயன்றபோது இரண்டு விரல் நுழையும் அளவுகூடத் திறக்க இயலவில்லை.

அன்றிரவு நாங்கள் செய்த பிழைகளை மறைக்காமல் எழுதுகின்றேன். ஒருவர் வலி மாத்திரையை உடைத்துப் பல்லின் அருகில் ஈறோடு ஒட்டி வைக்கச் சொன்னார், வைத்தோம். அது ஈறை வெந்த புண்ணாக்கிற்று. மாத்திரை வயிற்றுக்குள் சென்று வேலை செய்யவேண்டிய பொருள். ஈறின்மேல் அது திராவகம் போன்றது. மற்றொருவர் செங்கல்லைச் சுடவைத்துத் துணியில் சுற்றிக் கன்னத்தில் ஒற்றினார். சீழ் உள்ளே இருக்கையில் வெளியே சூடு கொடுத்தால் வீக்கம் வெளிப்புறமாகப் பரவக்கூடும் என்று பின்னர் அறிந்தோம். வெதுவெதுப்பான உப்புநீரால் வாய் கொப்பளிக்கச் செய்ததும் கிராம்பை அடக்கிக்கொள்ளச் சொன்னதும் மட்டும் தீங்கற்றவை. எல்லாவற்றினும் பெரிய பிழை, விடியட்டும் என்று காத்திருந்தது. பல்வலியுடன் தாடையின் கீழ் வீக்கம், காய்ச்சல், வாய் திறவாமை, விழுங்குவதில் கஷ்டம், மூச்சில் திணறல் ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் அது பல்வலி அன்று. உயிருக்கே ஆபத்தான நிலையின் தொடக்கமாக இருக்கலாம். நாக்கின் அடியில் பரவும் இச்சீழ்நோயை ஜெர்மன் வைத்தியர் லுட்விக் என்பார் 1836-லேயே விவரித்திருக்கிறார். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் 108 என்ற எண்ணை அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். எங்களுள் எவருக்கும் அந்த எண் அன்றிரவு நினைவுக்கு வரவில்லை. ‘பல்லுக்குப்போய் ஆம்புலன்ஸா’ என்ற எண்ணந்தான் காரணம்.

முதல் பஸ்ஸில் இறங்கி, முற்பகலில் மைசூரில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியை அடைந்தோம். வரிசையில் நின்ற எங்களை வீக்கத்தைக் கண்டவுடன் உள்ளே அழைத்துக்கொண்டனர். முதலில் எக்ஸ்ரே. ஒரு சிறு தகட்டை வாய்க்குள் வைத்து எடுப்பதுண்டு. வாய் திறவாதவர்க்குத் தலையைச் சுற்றிவரும் இயந்திரத்தால் இரு தாடைகளையும் ஒரே படமாக எடுப்பர். இதில் வலி ஏதுமில்லை. கருவுற்ற பெண்கள் மட்டும் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். படத்தில் அந்தப் பல்லின் வேர்நுனியில் கறுத்த நிழல் ஒன்று தெரிந்தது. அதுவே சீழ் கட்டிய இடம்.

மாமா கேட்ட முதற்கேள்வி இது: “வலிதான் போன மாதமே நின்றுவிட்டதே, டாக்டர்?”

அதற்கு டாக்டர் கூறிய விளக்கமே இக்கட்டுரையின் உயிர். பல்லின் மேல் ஓடு நம் உடலிலேயே கடினமான பொருள். அதனடியில் சற்று மெல்லிய ஒரு பாகம். அதற்குள்ளே நடுவில் நரம்பும் ரத்தக்குழாயும் அடங்கிய கூழ். சொத்தை மேலோட்டில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. இரண்டாம் பாகத்தை எட்டியதும் குளிர்ந்த நீரும் இனிப்பும் சுரீரென்று கூசும். வாயைவிட்டு நீங்கியதும் கூச்சமும் நீங்கும். கூழை எட்டியதும் நிலைமை வேறு. சூடான காப்பி பட்டாலே வலி கிளம்பி நெடுநேரம் நிற்கும். படுத்தால் தலைக்கு ரத்தம் ஏறி விண்விண்ணென்று தெறிக்கும். அதனாலேயே பல்வலி இரவில் மிகுகின்றது. பிறகு ஒருநாள் கூழ் செத்துப்போகும். அன்றே வலி நிற்கும். ஆனால் செத்த கூழில் கிருமிகள் பெருகி, வேர்நுனி வழியாக எலும்புக்குள் சத்தமின்றி இறங்கும்.

எங்கள் ரயில்வேயில் ஒரு விதி உண்டு. இரவில் விளக்கெரியாத சிக்னலை ஓட்டுநர் கண்டால், ‘சிவப்பு இல்லையே’ என்று வண்டியைச் செலுத்தலாகாது; அணைந்த சிக்னலைச் சிவப்பென்றே கொண்டு நிறுத்தவேண்டும். மாமாவின் வலி பச்சை விளக்காக மாறவில்லை, விளக்கே அணைந்துபோயிருந்தது. இதை யான் அவருக்குச் சொன்னபோது, “அப்படியானால் என் நேர்த்திக்கடன் வீண்தானா, மாப்பிள்ளை?” என்று கேட்டார். “வீணாகுமா, மாமா? மலைக்கு வந்ததால்தானே எங்கள் கண்ணில் பட்டீர்கள். மேட்டூரில் இருந்திருந்தால் இன்னும் பத்து நாள் மறைத்திருப்பீர்களே!” என்றேன். அவர் அதை ஏற்றுக்கொண்டார்.

அன்றைக்கே பல்லைப் பிடுங்கவில்லை. சீழ்பிடித்த இடத்தில் மரத்துப்போகும் ஊசிமருந்து சரிவர வேலை செய்யாது. அங்குள்ள புளிப்புத்தன்மை அதைத் தடுத்துவிடுகிறது. ஆகையால் சிறிதாகக் கீறிச் சீழை வடித்து, கிருமிகளை அடக்கும் மருந்தைக் கொடுத்து, தினமும் வந்து காட்டச் சொன்னார்கள். சீழ் வடிந்ததுமே மாமாவின் முகம் தெளிந்தது. நான்காம் நாள் வாய் திறந்தது. எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸிலேயே தங்கியிருந்தார். இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை: அம்மருந்தை ஐந்து நாள் என்று எழுதினால் ஐந்து நாளும் உண்ணவேண்டும். வீக்கம் வற்றியதென்று இரண்டாம் நாளே நிறுத்தி, மிச்சத்தைப் பெட்டியில் பத்திரப்படுத்தி, அடுத்த வீட்டாரின் பல்வலிக்குத் தானம் செய்யும் தருமவான்கள் நம்மிடையே பலர்.

நிற்க. பல் எடுக்கும் நாளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். நம்மவர் அஞ்சுவது இதற்குத்தான்.

நாற்காலியில் அமர்வதற்கு முன்பே சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், இருதய நோய், முன்பு ஏதேனும் மருந்து ஒவ்வாமல் போனது ஆகிய எல்லாவற்றையும் கூறிவிட வேண்டும். ரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்கள் அதை மறைக்கவும் கூடாது. தாமாக நிறுத்தவும் கூடாது. வெறும் வயிற்றோடு செல்வதும் தவறு. ஊசிக்குப் பயந்து மயங்கி விழுவோரிற் பலர் பட்டினியாய் வந்தவர்கள். ஊசிமருந்தாகிய லிக்னோகெய்ன் 1943-இல் ஸ்வீடன் நாட்டு லோஃப்கிரென் என்பார் ஆக்கியது. அதற்கும் நூறாண்டுகட்கு முன் பல் பிடுங்குவதென்றால் இருவர் பிடித்துக்கொள்ள ஒருவர் இழுக்கும் காரியமாகவே இருந்தது. நம் பாட்டனார் காலத்துக் கதைகளிலுள்ள அலறலெல்லாம் அதன் எச்சம். இன்று ஊசி குத்தும் ஒரு கணமே வலி. அதில் கலந்துள்ள மற்றொரு மருந்தால் சிலருக்குச் சற்றுநேரம் நெஞ்சு படபடக்கும். அது தானே அடங்கும். ஐந்து பத்து நிமிஷத்தில் உதடு தடித்துப்போனாற்போலத் தோன்றும். உண்மையில் தடிப்பதில்லை, கண்ணாடியில் பார்த்தால் தெரியும்.

அதன்பின் எதிர்பார்க்க வேண்டியது இதுதான்: அழுத்தம் தெரியும், வலி தெரியாது. இந்த வேற்றுமையை முன்பே அறியாதவர் குறடு பல்லை அசைக்கும் அழுத்தத்தையே வலியென்று கருதித் துள்ளுவர். பல் எலும்பிலிருந்து நெகிழும்போது ‘நறநற’வென்ற ஓசை காதுக்குள்ளேயே கேட்கும், அதற்கும் அஞ்சவேண்டுவதில்லை. மெய்யாகவே வலித்தால் இடக்கையைத் தூக்கினால் போதும். டாக்டர் நிறுத்தி, இன்னும் கொஞ்சம் மருந்து ஏற்றுவார். மாமாவுக்கு எல்லாம் இருபது நிமிஷத்தில் முடிந்தது. “இவ்வளவுதானா?” என்று கேட்டார்.

ஆனால் மூன்றாம் நாள் வேறு கதை ஆயிற்று. அதற்குப் பொறுப்பு என்னுடையது. பல் எடுத்து முடிந்த தருணத்தில், சீட்டுக்குப் பணம் கட்ட யான் வெளியே சென்றிருந்தேன். உள்ளே மாமா தனியே இருந்தார். அவருக்குக் கன்னடம் தெரியாது. சிகிச்சையின் நடுவே டாக்டர் பலமுறை “உகுளி” என்று தொட்டியைக் காட்டியிருக்கிறார். ‘துப்புங்கள்’ என்று பொருள். மாமா அதை நன்றாகக் கற்றுக்கொண்டார். முடிவில் பஞ்சை வைத்து, “கச்சிக்கொள்ளி, உகுளபேடி” என்றார் டாக்டர். ‘கடித்துக்கொள்ளுங்கள், துப்பாதீர்கள்’ என்பது அதன் பொருள். மாமா காதில் விழுந்தது ‘உகுள’ என்பது மட்டுமே. நல்ல நோயாளியாக வீடு வரும்வரை துப்பிக்கொண்டே வந்தார். யானும், ரத்தம் வந்தால் துப்புவது இயற்கைதானே என்று பேசாதிருந்தேன். மாலையில் மறைவாக ஒரு பீடியும் பற்றவைத்தார் என்பது பின்னர் வெளிப்பட்டது.

பல் எடுத்த குழியில் ரத்தம் உறைந்து கட்டியாக நிற்கவேண்டும். அக்கட்டியே புண்ணுக்கு மூடி. துப்பினாலும், உறிஞ்சுகுழலால் இளநீர் உறிஞ்சினாலும், புகை இழுத்தாலும் அக்கட்டி பெயர்ந்துவிடக்கூடும். அப்போது உள்ளிருக்கும் எலும்பு காற்றுக்குத் திறந்துவிடும். மூன்றாம் நாளளவில் காதுவரை குத்தும் வலி தொடங்கும். மாமாவுக்கு நேர்ந்தது அதுவே. மீண்டும் சென்றோம். குழியைக் கழுவி, கிராம்பெண்ணெய் கலந்த மருந்துத் துணியை வைத்தனர். அன்று மாலையே வலி தணிந்தது. இருமுறை மாற்றி வைத்ததில் பத்து நாளில் ஆறிற்று.

ஆகவே, பல் எடுத்தபின் பஞ்சை அரைமணி முதல் முக்கால் மணி வரையில் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். உமிழ்நீரை விழுங்கிவிட வேண்டும். அன்று முழுவதும் கொப்பளிக்கலாகாது. மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புநீரால் மெல்லக் கொப்பளிக்கலாம். சூடாக எதுவும் வேண்டாம், மோர்ச்சோறு உத்தமம். எச்சிலில் ஒருநாள் செந்நிறம் கலப்பதும், கன்னம் இரண்டு நாள் சற்று வீங்குவதும் இயற்கை. அதற்குமேல் நீடித்தாலோ, ரத்தம் நில்லாமல் வந்தாலோ திரும்பிச் செல்லவேண்டும். குழந்தைகளுக்கு உதடு மரத்திருக்கும் இரண்டு மூன்று மணிநேரமும் அருகிலேயே இருந்து பார்க்கவேண்டும். வலி தெரியாமல் தம் உதட்டையே கடித்துக் குதறிவிடுவார்கள்.

மொழி தெரியாத முதியோரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வோர் கடைசி ஐந்து நிமிஷம் கட்டாயம் அருகில் இருக்கவேண்டும். பணம் கட்டுவது பிறகு ஆகலாம். கன்னடச் சொற்களும் நமக்கு அந்நியமல்ல. நம் பகரம் அங்குப் பலவிடத்து ஹகரமாகும்: பல் என்பது ஹல்லு, பால் ஹாலு, மாதேஸ்வரனின் வாகனமாகிய புலி ஹுலி, பருத்தி என்பதே ஹத்தி, அதாவது வாயில் வைக்கும் பஞ்சு. வகரம் பகரமாகும்: வாய் பாயி, வேண்டா பேடா. நோவு அங்கும் நோவுதான். ஈறுக்கு வசடு, வீக்கத்துக்கு ஊத, சீழுக்குக் கீவு. இவ்வளவு தெரிந்தால் ‘ஹல்லு நோவு’ என்று தொடங்கி எந்தப் பாட்டியும் தம் குறையைத் தாமே சொல்லிவிடலாம்.

இதற்கிடையில் எக்ஸ்ரேயில் மாமாவின் மேல்வரிசையில் மற்றொரு பல்லும் கூழ்வரை சொத்தையானது தெரிந்திருந்தது. இதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். அப்போதுதான் மாமா தம் நெடுநாளைய அச்சத்தை வெளியிட்டார்: “மேல்பல்லில் கைவைத்தால் கண் போய்விடுமே!” இந்த நம்பிக்கை இல்லாத வீடு நம்மில் இல்லை. பல்லின் உணர்ச்சியைச் சுமப்பது மூளையிலிருந்து வரும் ஐந்தாம் நரம்பு. பார்வையைச் சுமப்பது இரண்டாம் நரம்பு. இரண்டும் வேறு வேறு பாதை. நாற்பது ஐம்பது வயதில் பல்லும் ஆட்டம் காண்கிறது, எழுத்தும் மங்குகிறது. பல் எடுத்த மறுவருஷம் கண்ணாடி போட்டவர், ஒன்றால் மற்றது வந்ததென்று எண்ணிக்கொள்கிறார்.

வேர்ச்சிகிச்சை என்பது இதுதான். ஊசிபோட்டு மரக்கச் செய்து, பல்லின் தலையில் சிறு துவாரமிட்டு, உள்ளிருக்கும் கெட்ட கூழை மயிரிழை போன்ற அரங்களால் எடுத்து, மருந்துநீரால் அலசி, வெறுமையான குழாயை அடைப்பது. கடைவாய்ப்பல்லில் இத்தகைய குழாய்கள் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு இருக்கும்; ஒவ்வொன்றையும் அளந்து சுத்தம் செய்யவேண்டுவதால் இரண்டு மூன்று முறை வரச் சொல்லுவர். முதல் முறையிலேயே வலி போய்விடும். அத்துடன் நின்றுவிடுவோர் ஏராளம். தாற்காலிகமாக வைத்த அடைப்பு தேய்ந்து, உள்ளே மீண்டும் கிருமி புகுந்து, பல் வீணாகும். இங்கும் அணைந்த சிக்னல் கதைதான்.

குழாயை அடைக்கும் பொருளின் பெயர் கட்டாபெர்ச்சா. மலேயாக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால் அது. நம் இலுப்பையும் சப்போட்டாவும் அம்மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை. சிங்கப்பூரிலிருந்து 1843-இல் மான்ட்காமரி என்னும் டாக்டர் அதை லண்டனுக்கு அனுப்பினார். கடல்நீர் அதை அரிப்பதில்லை என்று கண்டு, கடலடித் தந்திக் கம்பிகளுக்கு அதையே உறையாக்கினர். சென்னையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் வரை 1870-71-இல் இட்ட கம்பியும் அந்தக் காலத்ததே. அமெரிக்காவில் போமன் என்பார் 1867-இல் அதைப் பல்வேரில் இட்டு அடைத்தார். நம் சங்கத்தில் மலேயாவில் உறவுடையோர் பலர். அவர்கள் நாட்டு மரப்பால் இன்று மேட்டூர்க்காரர் ஒருவரின் வாயில் இருக்கின்றது. நம் நாட்டில் தந்தி சேவை 2013-இல் நின்றுபோயிற்று. பல்லில் மட்டும் கட்டாபெர்ச்சா நிலைத்திருக்கிறது.

அடைத்தபின் இரண்டு மூன்று நாள் கடித்தால் வலி இருக்கும். பின்னர் அப்பல்லின்மேல் தொப்பி போன்ற உறை மாட்டவேண்டும். பெரிதும் குடையப்பட்ட கடைவாய்ப்பல் முறுக்கு, பட்டாணியைக் கடிக்கையில் பிளந்துவிடக்கூடும். உறைக்கான செலவு பலருக்கும் மலைப்பைத் தரும். கல்லூரி ஆஸ்பத்திரிகளில் செலவு குறைவு. மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் செய்வதால் நேரம் மட்டும் கூடுதலாகும். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953 முதலும், பெங்களூரில் 1958 முதலும், மைசூரில் ஜே.எஸ்.எஸ். கல்லூரி 1986 முதலும் உள்ளன. திருவிழாக்கூட்டத்தில் துணி விரித்துப் பல் கட்டுவோரிடம் போவதற்கு இப்போது காரணமில்லை. பதிவு பெறாதவர் பல்வைத்தியம் செய்தலாகாது என்ற சட்டம் 1948-இல் வந்தது.

மாமாவுடன் சென்ற வரிசையில் எங்கள் வீட்டாரும் காட்டிக்கொண்டோம். என் மனைவிக்குப் பற்காரை சுரண்டினார்கள். அதனால் பல் ஆடும் என்பது வீண் பயம். ஈறை அரித்துக்கொண்டிருந்த காரைதான் ஆடும் பல்லைச் சுண்ணாம்புபோலப் பிடித்திருக்கும். அது நீங்கியதும் உள்ளதை உள்ளபடி காண்கிறோம். சில நாள் கூச்சம் இருந்தது, பின் நின்றது. எட்டு வயதுப் பையனுக்குச் சிறு சொத்தை, ஊசிகூட வேண்டியிருக்கவில்லை. குடைந்து, பசைபோன்ற மருந்தை அடைத்து, நீல விளக்கொளியால் இறுக்கிவிட்டனர். துளைக்கும் கருவியின் ஓசைதான் அவனை மிரட்டிற்று. அடைத்த இடம் உயரமாகத் தட்டினால் பொறுத்துக்கொள்ளாமல் மறுநாளே சென்று தேய்த்துவிடச் சொல்லவேண்டும்.

சென்ற வாரம் உறை மாட்ட மாமா மேட்டூரிலிருந்து பாலாறு வழியாகத் தனியே பஸ் ஏறி வந்தார். மலையில் ஒரு பொழுது இறங்கிக் கும்பிட்டுவிட்டு, மைசூர் பஸ்ஸைப் பிடித்து நேரே ஆஸ்பத்திரிக்குச் சென்றிருக்கிறார். அலுவலகம் முடிந்து யான் போய்ச் சேருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. வாசற்பெஞ்சில் அமர்ந்திருந்தவர், பக்கத்தில் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்த தருமபுரிக் கிழவி ஒருத்திக்கு, “உகுளபேடி என்றால் துப்பாதே என்று அர்த்தம், அம்மா” என்று விளக்கிக்கொண்டிருந்தார்.